தயங்கும் எண்ணெய்

அந்தத் தொட்டியைப் பற்றவைத்தவன் நான்.
வடக்கு யூட்லாந்தில்,
ஃபியோர்டின் உப்பு ஜன்னல் கண்ணாடியில் பூத்துக்கிடக்கும் கரையில்,
எழுபத்தொன்பதின் இலையுதிர் காலம்.
எரியெண்ணெய் பில்லை எட்டாக மடித்து
மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தாள் டாக்மார்.
மேசை ஆடவில்லை. வீடுதான் நடுங்கியது.

"மின்சாரம் வேண்டாம்" என்றாள்.
"டைனமோ வேண்டாம், பேட்டரி வேண்டாம்.
காற்றாடித் தண்டு கொட்டகைக் கூரையைத் துளைத்து இறங்கட்டும்,
தொட்டிக்குள் சுழலட்டும். அவ்வளவுதான்."
அசையாத தகடு, சுழலும் தகடு,
மறுபடி அசையாத தகடு,
இடையே நகக்கனம் இடைவெளி.
அதில் இருநூறு லிட்டர் கெட்டி எண்ணெய்.

தண்ணீர் போதாதா என்று கேட்டேன்.
"தண்ணீர் உடனே வழிவிட்டுவிடும்.
தயங்குகிற ஒன்று வேண்டும் எனக்கு."

நான் நம்பவில்லை.
ஒரு கோப்பையில் பாகு ஊற்றி
துளைபோடும் கருவியின் வாயில்
முட்டை அடிக்கும் கம்பியை மாட்டி
பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினாள்.
பதினெட்டிலிருந்து முப்பத்தொன்று.
நெருப்பில்லை, புகையில்லை.
ஒரு படலம் அடுத்த படலத்தைப் பிடித்து இழுக்க
அது வரமாட்டேன் என்று ஒட்டிக்கொள்ள
அந்த இழுபறிதான் என் விரலில் வெதுவெதுத்தது.
நக்கிப் பார்த்தேன். இனிப்புத்தான்.

சந்தையில் சிரித்தார்கள்:
டாக்மார் காற்றைக் கடைகிறாள்,
வெண்ணெய் எப்போது திரளும்?
அவள் தம்பி யெப்பே மட்டும் சிரிக்கவில்லை.
வங்கியில் அவன்தான் ஜாமீன் கையெழுத்து.

பிப்ரவரிப் புயல்.
இரவு மூன்று மணிக்குத் தொலைபேசி.
தாழி உடைந்துவிட்டதென்றே ஓடினேன்.
எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன.
கையில்லாத சட்டையில் நின்றாள்,
நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்தபடி.
ரேடியேட்டர்கள் கொதிகெண்டிபோல் முனகின.
உள்ளே பறந்துவந்த பனி
தரையைத் தொடுமுன் துளியாயிற்று.
இத்தனை ஆண்டு அந்த வீட்டைக் கொள்ளையிட்ட அதே காற்று
களவு கொடுத்தவளுக்கே
விறகு சுமந்து வந்திருந்தது.
அதற்குமேல் ஏறவுமில்லை.
சூடு ஏற ஏற எண்ணெய் இளகித்
தன் பிடிவாதத்தை விட்டுவிட்டது.
அது அவள் கணக்கில் இருந்தது,
என் கணக்கில் இல்லை.
குளிர்ந்த ஹெர்ரிங்கும் ரை ரொட்டியும் தின்றோம்,
விடியும்வரை, கதவைத் திறந்துவைத்து.

அடுத்த ஜனவரியில் ஒன்பது நாள்
இலை அசைக்கக்கூடக் காற்றில்லை.
அக்கம்பக்கத்துப் புகைபோக்கிகளில்
புகை நூல்பிடித்தாற்போல் நேராக நின்றது.
ஃபியோர்ட் உறைந்தது.
காற்றாடியின் மூன்று கைகளிலும் வெள்ளை.
கொல்லும் குளிர் காற்றில்லாத நாளில்தான் வரும்;
இங்கே பிறந்த எங்கள் இருவருக்கும் அது தெரியும்.
தெரிந்தும்தான் கட்டினோம்.

ஆறாம் நாள் கடப்பாரையுடன் போனேன்.
தண்டின் குறுக்கே அதைச் செருகி
அவள் ஒரு முனை, நான் ஒரு முனை,
செக்கிழுத்தோம்,
எண்ணெய் எடுக்க அல்ல,
எண்ணெய்க்குக் கோபமூட்ட.
அது தார்போல் இறுகிக் கிடந்தது.
முதல் சுற்றுக்குக் கால்மணி நேரம்.
மேலே, அசையாத வானத்தில்,
காற்றாடியும் மெல்லத் திரும்பியிருக்கும்.
ஊர் பார்த்திருக்கும்.

யெப்பே வாசலில் நின்று கணக்குப் போட்டான்:
இரண்டு ஆள் பலம், ஒரு குண்டு பல்பு.
"பல்பையே எரியவிட்டிருக்கலாமே" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மூச்சு வேறு வேலையாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து
வெப்பமானியைப் பாவாடையில் துடைத்துப் பார்த்தாள்.
அரை டிகிரி.
எங்கள் கோட்டுகள், கம்பளிச் சட்டைகள்,
அவள் கழுத்துத் துண்டு,
எப்போது கழற்றினோமோ,
கொட்டகைத் தரையில் சிதறிக் கிடந்தன.
யெப்பே குனிந்து
என் கோட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.