தடுப்பூசி அட்டையின் பின்பக்கம்

கோமாரித் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம்
வெறுமையாய்க் கிடந்தது.
ஒட்டுசுட்டான் கந்தோரில் கரண்ட் இல்லாத பின்னேரம்
எனக்கு நானே எழுதத் தொடங்கினேன்.

ஒன்று.
அரசாங்கச் சட்டையோடு நிற்கிற படத்தை
என் சொந்தப் பக்கத்தில் போடுவதில்லை.
சட்டை பேசினதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு என்று போட்டுவிட்டு
பேனையைக் கடித்துக்கொண்டு
கனநேரம் இருந்தேன்.

வலதுகரையில் ஒரு விடியல்
இராசகிளியின் வெள்ளைப் பசு
பின்தொடை பிளந்து கிடந்தது.
பதினேழு தையல்.
கையுறை கழற்றின கையோடு படமெடுத்தேன்.
முகநூலில் ஏற்றி
கீழே ஒரு வரி போட்டேன்:
எந்த மனசு இப்படி வெட்டும்?

படத்தின் ஓரத்தில்
நான் கவனிக்காத ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கி.
ஊர் கவனித்தது.
மார்க்கண்டுவின் வயல் என்று முதல் ஆள் எழுத
போன போகம் மாடு புகுந்ததுக்கு
அவர் ஏசினதை அடுத்த ஆள் எழுத
பாரிசிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும்
மாட்டைத் தொட்டு இருபது வருசமான சனம்
அவருடைய கையை வெட்டச் சொன்னது.

நான் அம்பகாமம் காட்டோரம்
கன்றுகளுக்குப் பூச்சிமருந்து பருக்கிக்கொண்டு நின்றேன்.
அங்கே சிக்னல் வராது.
பொழுதுபட்டுத் திரும்பினால்
அறுநூற்றுப் பதினொரு பேர் பகிர்ந்திருந்தார்கள்.
மார்க்கண்டுவின் இறைப்பு மெசின்
வாய்க்காலுக்குள் எரிந்து கிடந்தது.

மூன்றாம் நாள் கட்டு மாற்றப் போனேன்.
இராசகிளியின் மகன்
நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
“நான்தான் டொக்டர். இருட்டுக்கை ட்ரக்டரை
ரிவேஸ் எடுத்தனான். கலப்பைத் தட்டு பட்டிட்டுது.”

திருத்தம் எழுதினேன்.
ஒன்பது பேர் விரும்பினார்கள்.
மார்க்கண்டு எவ்வளவு தந்தவர் என்று
இரண்டு பேர் கேட்டார்கள்.

அன்றிரவு கந்தோர்ப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அதே பசு, அதே திகதி, என் கையெழுத்து:
ஆழமான கிழிவு. காரணம் தெரியாது.
ஏழே காலுக்கு அதை எழுதின விரல்தான்
ஏழு இருபதுக்கு
மற்றதையும் எழுதியிருக்கிறது.

இப்போது எழுத முடிந்தது.
இரண்டு.
பதிவேட்டில் எழுதத் துணியாததை
போனில் எழுதுவதில்லை.

மூன்று.
படம் எடுத்தால் முதலில் நாலு மூலையையும் பார்.
மாடு நடுவில்தான் நிற்கும், ஓடாது.

நான்கு.
குரல்பதிவில் மருந்தின் அளவு சொல்வதில்லை.
கூழாமுறிப்பில் ஒருவன் நான் சொன்ன எம்எல்லை
சோடாப் போத்தல் மூடியால் அளந்தவன்.

ஐந்து.
இரவு ஒன்பதுக்குப் பிறகு பதில் இல்லை.
இதை எழுதி, வெட்டி, திரும்ப எழுதி, திரும்ப வெட்டினேன்.
கன்று தலைகீழாய் நிற்கிற நேரத்துக்கு
மணிக்கூடு தெரியாது.
வேண்டுமென்றால் இப்படி:
ஒன்பதுக்குப் பிறகு மாட்டுக்கு மட்டும் பதில்,
மனிசருக்கு இல்லை.

ஆறாவதுக்கு அட்டையில் இடமில்லை.
மடித்து உறைக்குள் செருகி
போனின் முதுகில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதமாய் என் மோட்டார்சைக்கிளைக் கண்டால்
முகத்தைத் திருப்புகிற மார்க்கண்டு
நேற்று, எட்டு ஐம்பதுக்கு,
வணக்கம்கூட இல்லாமல் ஒரு படம் அனுப்பியிருந்தார்.
மறி ஆடு. மடி சிவந்து வீங்கியிருந்தது.

பழகின பழக்கத்தில் முதலில் மூலைகளைப் பார்த்தேன்.
வலது கீழ்மூலையில்
கிழிந்த தறப்பாளுக்கு வெளியே
கருகின இரும்பு கொஞ்சம் தெரிந்தது.

தற்செயலாய் விழுந்ததா,
நான் பார்க்கவென்று வைத்தெடுத்ததா?
காரணம் தெரியாது.

“வாறன்” என்று மட்டும் எழுதினேன்.