கத்தரிப்பூ நிறம் போக

கொள்முதல் நிலையம் மூடிய மூன்றாம் நாள்
ரிமோட் காரைப் பிரித்துக் கோணியில் பரப்பினேன்.
மலேசியாவிலிருந்து ஹாஜா நஜ்முதீன் கொண்டுவந்தது.
கூத்தாநல்லூரில் அவர் வீட்டு வாசலில்
நாலாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி வாங்கியது.
ஷாக் டவர், ஆர்ம், நாலு நக்கிள்,
எல்லாம் கத்தரிப்பூ நிறம்.
வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறி
சாயம்போன பாவாடை நாடா மாதிரி.

மன்னார்குடி பந்தலடியில் காஸ்டிக் சோடா கேட்டேன்.
"எந்தச் சாக்கடை அடைச்சிருக்கு?" என்றான் கடைக்காரன்.
கார் என்றேன்.
பொட்டலத்தை மடித்தபடி
இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்தான்.

தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும்,
சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது.
ஐஸ்கிரீம் டப்பா, ரப்பர் கையுறை,
கொல்லைப்புறம், காற்றுக்கு முதுகு.
முதல் துண்டு இறங்கியதும்
அயிரைக் கூட்டம் கொத்துவதுபோல் குமிழிகள்.
ஒரே நிமிடம்.
அத்தனை வருடம் ஒட்டிக்கிடந்த நிறம்
கழுநீரில் மேகம்போலக் கலங்கி
இல்லாமல் போனது.
அடியில் வெள்ளியை எதிர்பார்த்தேன். கரி இருந்தது.
பல்தேய்க்கும் பிரஷால் கரியைத் தேய்த்தால் சாம்பல்.
சாம்பலுக்கும் கீழேதான் உலோகம்,
அதுவும் தூக்கம் கலையாத கண்ணாக.

நாலாவது நக்கிள் உள்ளே இருந்தபோது
பக்கிரிசாமி கூப்பிட்டார்.
"நாப்பத்திரண்டு மூட்டை சார்.
பேங்க்ல இன்னும் ஒண்ணும் ஏறல."
ஈரப்பதம் பதினெட்டு என்று நான் திருப்பியனுப்பிய நெல்லை
இரண்டு நாள் தார்ச்சாலையில் உலர்த்தி
மறுபடியும் கொண்டுவந்தவர்.
பட்டியல் எழுதிய கை என்னுடையது.
மண்டல அலுவலகம் என்றேன், ஆதார் இணைப்பு என்றேன்,
கிளை மாறியிருக்கலாம் என்றேன்.
பதினோரு நிமிடம்.
எனக்கே நம்பிக்கையில்லாத குரலில்
"வந்துடும்" என்று முடித்தபோது
டப்பா கொதித்துக்கொண்டிருந்தது.

பேரிங் உட்காரும் குழி
ஒரு மயிரிழை அகன்றுவிட்டது.
அழுத்தி ஏற்ற வேண்டியது
தானாய் உள்ளே போகிறது, கவிழ்த்தால்
தானாய் விழுகிறது.
ஈரம் கூடினால் காயவைக்கச் சொல்லலாம்.
கரைந்ததை எந்தச் சாலையில் பரப்புவது?

அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம்,
தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள்.
பிறகு பாலிஷ், கிழிந்த கைலித் துணி.
துணியில் கறுப்பு வந்துகொண்டே இருந்தது.
அழுக்கென்று ஒரு மணி நேரம் துடைத்த பிறகுதான் உறைத்தது,
அது அழுக்கில்லை, அதுவேதான் அலுமினியம்.
துடைக்கிறவரைக்கும் வரும்.
நிறுத்துகிற இடத்தைக் கைதான் முடிவுசெய்ய வேண்டும்.

ஷாக் டவரில் மின்விசிறி சுற்றியது,
என் மூக்கு இரண்டு மடங்கு தெரிந்தது.
விசாலி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
"எவர்சில்வர் ஸ்பூன் மாதிரி இருக்கு.
இதுக்கா மூணு நாளு?"
அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்தது.
துடைக்கவில்லை.
சாயம் இல்லாவிட்டாலும் இந்த உலோகம்
காற்று பட்ட நொடியே கண்ணுக்குத் தெரியாத
ஒரு சட்டையைத் தைத்துக்கொள்ளுமாம்.
அம்மணம் என்பது
அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

என் பிரஷர் மாத்திரை அட்டையின் பின்தாளை
நீளவாக்கில் நறுக்கிக் குழிக்குள் சுற்றி
பேரிங்கை ஏற்றினேன். நின்றது.
ஒருமாதிரி.

சாயங்காலம் கொள்முதல் நிலையத்தின்
சிமெண்டுக் களத்தில் ஓட்டினேன்.
சிந்திய நெல்லைப் பொறுக்கிய குருவிகள்
எழுந்து, பழகி, மறுபடி இறங்கின.
மஞ்சள் வெயிலில் நாலு மூலையும் மின்ன
கார் நேராகப் போய்
இருபதாவது அடியில் இடப்பக்கம் இழுத்தது.
திருப்பினேன். மறுபடி இடப்பக்கம்.
சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது,
பக்கிரிசாமி.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.
கார் எடைமேடை வரைக்கும் தானாகப் போய்
முட்டி நின்றது.