கணக்கு இடிக்கிறது

மைனஸ் நாற்பத்தெட்டு.
விட்ட மூச்சு இமையிலேயே வெள்ளையாய் ஒட்டுகிறது.
சறுக்கு வண்டியில் வெல்டிங் மெஷினை இழுத்து வந்து
புரோகோப்பி வீட்டு வாசலில் நிறுத்தினேன்.
“மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லை, துயாரா” என்றார்.
தாடி முழுக்க ஐஸ்.
அதை உருக்கினால் ஒரு தேநீராவது தேறும்
என்று தோன்றியது, சொல்லவில்லை.

யாகுட்ஸ்க்குக்கு வடக்கே எங்கள் ஊரில்
குழாயை மண்ணில் புதைக்க முடியாது. மண்ணே ஐஸ்.
தரைக்கு மேல், மரத்தூள் அடைத்த பலகைப் பெட்டிக்குள்
தெருக்குழாயிலிருந்து வீடு வரை
இருபத்தைந்து மீட்டர் இரும்பு.
எந்த இடத்தில் உறைந்தது என்று தேட வேண்டியதில்லை.
அந்த முனையில் ஒரு கேபிள், இந்த முனையில் ஒன்று,
முந்நூறு ஆம்பியர் விட்டால்
இரும்பு தன்னால் சூடாகும்.

இந்த நீளத்துக்கு, இந்தத் தடிமனுக்கு
தடை, ஓமில் நூறில் ஒரு பங்கு.
போன குளிரில் அளந்து
கையுறையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.
முந்நூறு ஆம்பியரை அதனால் பெருக்கு:
மூன்று வோல்ட் காட்ட வேண்டும் மீட்டர்.

ஒன்று புள்ளி எட்டு காட்டியது.

மீட்டரை அக்குளில் வைத்து பேட்டரியைச் சூடாக்கினேன்.
கவ்விகளைச் சுரண்டி, மறுபடி இறுக்கினேன்.
ஒன்று புள்ளி எட்டு.
வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால்
ஆயிரத்தில் ஆறு ஓம். பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.
துரு தின்றால் இரும்பு மெலியும், தடை கூடும்.
குறைவதற்கு ஒரே வழி,
இன்னொரு வழி.

“கணக்கு இடிக்கிறது” என்றேன்.
“பணமா?”
“நூற்றிருபது ஆம்பியர்.
உங்கள் குழாயில் நூற்றெண்பதுதான் ஓடுகிறது.
மீதி எங்கேயோ போகிறது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை.
வீட்டின் மறு பாதியைப் பார்த்தார்.
கூரை ஒன்று, கதவு இரண்டு.
அந்தக் கதவு நீல நிறம், அது அகுலினாவுடையது.
தங்கை.
படகு எஞ்சின் ஒன்றை யார் விற்றது என்ற பேச்சில்
ஒன்பது வருஷத்துக்கு முன் நடுவில் சுவர் வைத்தார்கள்,
தனித்தனியாய்க் குழாய் இழுத்துக்கொண்டார்கள்.

நீலக் கதவுக்குப் போகும் பெட்டியின் பலகையைப் பெயர்த்து
கிளாம்ப் மீட்டரை மாட்டினேன்.
நூற்றிருபது. ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

“சுவருக்குள் பழைய இணைப்பு இருக்கிறது” என்றார் மெதுவாக.
“வால்வை மூடிவிட்டேன். அவளும் அவள் பக்கம் மூடினாள்.”
“வால்வு தண்ணீருக்கு” என்றேன்.

இணைப்பை அறுக்க ரம்பம் வண்டியில் இருந்தது.
அதை எடுக்கும் முன் மனசு கணக்குப் போட்டுவிட்டது:
ஒன்று புள்ளி எட்டு வோல்ட், முந்நூறு ஆம்பியர்,
பெருக்கினால் ஐந்நூற்று நாற்பது வாட்.
அதில் இவருக்கு முந்நூற்று இருபத்துநான்கு. போதாது.
ஐந்நூறு ஆம்பியருக்கு ஏற்றினால் மூன்று வோல்ட் வரும்,
இவருக்குத் தொள்ளாயிரம் வாட், அவளுக்கு அறுநூறு.
மெஷின் முனகும். தாங்கும்.

திருகைத் திருப்பினேன்.

அப்புறம் காத்திருப்புதான்.
இரும்பு சூடேறச் சூடேறத் தடையும் ஏறும்,
அதனால் வோல்ட்டும்:
மூன்று புள்ளி பூஜ்யம் ஐந்து. மூன்று புள்ளி ஒன்று.
தொடாமலே தெரிந்தது, உள்ளே இளகுகிறது.

முதலில் சத்தம் வந்தது நீலக் கதவுக்குப் பின்னால்.
குழாய் இருமியது, துப்பியது, பிறகு வாளியில் கொட்டியது.
ஒரு பெண் “ஓய்!” என்று கத்தினாள்.
அவளுக்காக யாரையும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.
புரோகோப்பி தொப்பியின் காதுமடலைத் தூக்கிப் பிடித்து நின்றார்.
அவர் வீட்டுக் குழாய் திறந்துகொள்ள
மேலும் நாற்பது நிமிஷம் ஆயிற்று.

இரண்டு பில் எழுதினேன், மூன்றுக்கு இரண்டு விகிதத்தில்.
இரண்டையும் அவரே வாங்கி மடித்தார்.
“எங்களுக்கு நடுவில் எவ்வளவு இருக்கும்?” என்றார்.
எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை.
தெரிந்ததைச் சொன்னேன்:
“அவள் வழியாகப் போய் வர,
ஆயிரத்தில் பதினைந்து ஓம்.”

பணத்தை எண்ணினார்.
விரல் விறைத்திருந்ததால் இரண்டு தடவை.