நாற்பது மணிநேரம்

ஆண்டுக்கு நாற்பது மணிநேரம்
சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும்.
செய்யாதவர்கள் தேர்வெழுத முடியாது.
சுற்றறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்.

"கட்டாயத் தொண்டா?
சூடான ஐஸ் கச்சாங் மாதிரியா?" என்றான் ஜுன் ஹாவ்.
பேருந்தில் ஏறியதும் தூங்கிப்போனான்,
வாயைத் திறந்தபடி, கோலக்கிட்டில் வரைக்கும்.
நான் தூங்கவில்லை.
எனக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று
கல்லூரி நேர்காணலிலேயே சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை.
செம்பனை ஆலையின் வாடை
மேசைவரை வந்து உட்கார்ந்திருந்தது.
முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில்
முழங்கால் நெஞ்சைத் தொட
வரிசையாகப் பெரியவர்கள்.
விரல். ஊசி. ஒரு துளி.
"வணக்கம்யா, சாப்டீங்களா?"
எல்லாரிடமும் சிரித்தது நான்தான்.
படம் பிடித்தவரும் என் பக்கமே நின்றார்.

பழம் வெட்டும் இருசப்பனுக்கு
இனிப்பு பத்தொன்பது புள்ளி நான்கு.
"நாளைக்கே கிளினிக் போயிடணும்யா."
"நாளைக்குத் திங்கக்கெழம, தங்கச்சி.
போனா ஒரு நாள் சம்பளம் போச்சு.
நீங்க இங்க வந்தா ஒங்களுக்கு மணி ஏறுது,
நான் அங்க போனா எனக்குக் காசு எறங்குது."
கேலியில்லை, கணக்கு.
'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கடைசி மேசையில் ஜுன் ஹாவ்.
தமிழ் தெரியாது. சிரிக்கவும் இல்லை.
பாரத்தில் இருபத்தேழு கட்டங்கள்;
ஒன்று விட்டாலும்
கையெழுத்துக் கிடைக்காதே என்ற பயம் அவனுக்கு.
இருபத்தாறாவது கட்டம்: பாதம்.
"புக்கா காசுட், பாக்சிக்."
"அதெல்லாம் வேணாம் தம்பி, நாறும்."
விளங்காமல் அவனே குனிந்து
பூட்ஸை உருவினான்.

பெருவிரலுக்குக் கீழே செம்பனை முள்,
முக்கால்வாசி உள்ளே.
சுற்றிலும் கறுத்திருந்தது.
எப்போது குத்தியது என்று கேட்டோம்.
"குத்துச்சா?" என்று
அவர் எங்களைக் கேட்டார்.

மேற்பார்வை டாக்டர் ஓடிவந்தார். வேன் வந்தது.
சுங்கைப்பட்டாணியில்
ஒரு விரலை எடுத்துவிட்டு
காலைக் காப்பாற்றினார்கள்.
திங்கட்கிழமைச் சம்பளம் என்ன ஆனதென்று
நான் விசாரிக்கவில்லை.

மாதக் கடைசியில் பீடம் கருத்துக் கேட்டது:
தொண்டு கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா?
வேண்டாம் என்றுதான் ஜுன் ஹாவ் எழுதினான்.
இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வான்,
கொட்டாவி விட்டுக்கொண்டு.

நான் பேனாவை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
விரும்பிப் போன நான் முகங்களைப் பார்த்தேன்.
வேறு வழியில்லாமல் வந்தவன்
காலைப் பார்த்தான்.

வேண்டும் என்று எழுதினேன்.
அதோடு விடாமல் கீழே,
கோடு போட்ட இடம் முடிந்து
ஓரத்திலும் ஏறி:
எங்களுக்கு மட்டும் போதாது.
திங்கட்கிழமை கிளினிக் போகிற ஒப்பந்தக் கூலிக்கு
அன்றைய சம்பளத்தைக் கொடுப்பதும்
கட்டாயமாக இருக்க வேண்டும்.

யாருக்கு அனுப்ப வேண்டிய வரி இது
என்று தெரியவில்லை.
பீடத்துப் பெட்டியிலேயே போட்டேன்.
என் பதிவேட்டில்
இன்னும் இரண்டு மணி பாக்கி.