சாலை திறந்திருந்தது

செவ்வாய்க்கிழமை மாலை, பின்லாந்தின் கயானி ஊரில்
தையல் வகுப்புக்குப் பக்கத்து அறை.
காலணிகளை வெளியே விட்டுவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறோம் ஏழு பேர்.
சுவருக்கு அந்தப் பக்கம் எந்திரங்கள்
எதையோ எதனோடோ ஓயாமல் இணைக்கின்றன.

தன்மையில் எழுதுங்கள் என்றிருந்தாள் ஆசிரியை,
என் கடைசி மகளைவிடச் சின்னவள்.
நான் எழுதியது ஓர் ஆணை.
தாவெத்தி. பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன்.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் எனக்கு
அவன் கைகள் எங்கிருந்து வந்தனவோ.
பெரிய கைகள்.

வாயைத் திறந்ததுமே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்:
குடியை, கடனை,
அண்ணன் மனைவியை ஒருமுறை பார்த்த பார்வையை.
"கூண்டில் நிற்கிறவன் மாதிரி பேசுகிறான்"
என்றான் ஒஸ்கரி, சலிப்போடு.
ஹென்ரீக்கா பென்சிலால் வட்டமிட்டுத் தந்தாள்:
எழுந்தேன், குடித்தேன், வருந்தினேன்.
ஒவ்வொரு வினையின் வாலிலும் ஓர் ஏன்.
ஒன்றுக்கும் பதிலில்லை.

அடுத்த வாரம் அவன் நம்மிடம் பொய் சொல்லட்டும் என்றார்கள்.

பொய் எனக்குச் சட்டென்று வந்தது.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஓலு மருத்துவமனையில் அப்பா.
நூற்றெண்பது கிலோமீட்டர்.
தாவெத்தி சொல்கிறான்:
அன்றிரவு பனி கொட்டியது.
சாலை அடைபட்டிருந்தது.
எவ்வளவோ முயன்றேன்.
விடியும்போது சேதி வந்தது.

ஒஸ்கரி சிரித்தேவிட்டான்.
"பனி வழிக்கிறவனுக்கு யார் சாலையை அடைப்பது?
அதைத் திறப்பதுதானே இவன் வேலை!"
மேசை முழுக்கச் சலசலப்பு.
பொய்யை நாங்களே பிடிக்கட்டுமென்று
எவ்வளவு நுட்பமாக வைத்திருக்கிறீர்கள்,
எப்படித் தோன்றியது?

தோன்றவில்லை.
அவன் ஓட்டுவது என்ன வண்டி என்பதே
அந்த நாலு வரியில் எனக்கு மறந்துபோயிருந்தது.

அது பிப்ரவரி.
பனி பெய்யவில்லை. மைனஸ் முப்பது,
ஊசி குத்தின மாதிரி நட்சத்திரங்கள்.
கார் எஞ்சினைச் சூடாக்கும் கம்பி
மாலையிலிருந்தே சுவரில் செருகியிருந்தது.
சாவி மேலங்கிப் பையில்.
நான் அடுப்பை நகர்த்தி
அதன் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
தங்கையிடம் பனி என்றேன்.
அவள் ஹெல்சிங்கியில். நம்பினாள்.

"ஏன் போகவில்லை அவன்?" ஹென்ரீக்கா கேட்டாள்.
தாவெத்திக்குத் தெரியாது என்றேன்.
"உங்களுக்குத் தெரியணுமே."
பக்கத்து அறையில் ஓர் எந்திரம் ஓடி நின்றது.
யாரோ தையலைப் பிரிக்கிறார்கள் போல.

இப்போது இரவு பதினொன்று.
அந்த நாலு வரியைத் தொடவில்லை.
அதன் கீழே அவன் வண்டியில் ஏறுகிறான்.
பள்ளிக்கூட முற்றம்,
கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை,
ஆளில்லாத ஒரு வீட்டின் வாசல்கூட,
எல்லாவற்றையும் வழிக்கிறான்,
வடமேற்கே போகும் அந்த ஒன்றைத் தவிர.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

தொலைபேசியை வீட்டிலேயே விட்டுப் போகிறான்.
இதை எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது
என்னுடையதை
எந்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன் என்று.