பதினெட்டு டிகிரி

தணிக்கைக்கு வந்த பிரெஞ்சுக்காரி
போகும்போது என் லேப் மேசையில் விட்டுப் போனாள்.
தோள் உயர்ந்த கறுத்த போத்தல்.
கழுத்தில் கட்டிய சீட்டில் அவள் கையெழுத்து:
கொழுப்புள்ள இறைச்சியோடு.
அறை வெப்பத்தில்.

யாருடைய அறை என்று எழுதவில்லை.
ஊத்தான் மெலிந்தாங்கில் மாலை ஆறுக்கும்
என் சமையலறை முப்பத்திரண்டு.

பதினோரு நாள்
அரிசி டின்னுக்குப் பின்னால் நின்றது.
காரணம் லூர்து.
ஆறு வருஷமாய்ச் சம்சு தொடாத மனிதர்.
முதல் வருஷம் இருமல் மருந்தைக்கூடக்
கைப்பையில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போனவள் நான்.

பன்னிரண்டாம் நாள் அவரே கண்டுபிடித்தார்.
வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார்.
ஒன்றும் பிடிபடவில்லை.
"இந்த வீட்ல பிரெஞ்சுன்னா எம்பேரு ஒண்ணுதான்.
சரி, இதுக்கு என்ன கறி?"

அப்பளசாமிக்குப் போன் போட்டார்.
புதுக்கன்றுத் திடலில் செம்பனைக் குருத்தைத் தின்று
மாட்டிக்கொண்ட பன்றி.
ஒன்றரைக் கிலோ, தோலோடு,
இரண்டு விரல் கொழுப்போடு.

கார்க்கை எடுக்கக் கதவுத் திருகாணியும் குறடும்.
மில்லிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியைப்
போத்தல் வாயில் இறக்கினேன்.
ஐஸ்பெட்டியில் மோருக்குப் பக்கத்தில் நிறுத்தி, எடுத்து,
நிறுத்தி, எடுத்து,
பதினெட்டு வந்தபோது இருட்டியிருந்தது.

முதலில் வெறும் வாயில்.
எண்ணெயின் அமிலத்தை நாள்முழுக்கச்
சொட்டுச் சொட்டாய் அளக்கிறவள்,
புளிப்பு எனக்குப் புதிதில்லை.
அதற்குப் பின்னால் வந்தது வேறு.
கொட்டைப்பாக்கை மென்று துப்பியபின்
ஈறு இறுகுமே, அது.
துவர்ப்பு.

மத்தியானத்து ரசத்தோடு, ஆணியை நக்கியதுபோல்.
நெத்திலிச் சம்பலோடு, ஐயோ, வேண்டாம்.

அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார்.
மிளகாயைப் பாதியாக்கினார், நான் சொல்லாமலே.
மிளகு, பூண்டு, கருகும்வரை சின்ன வெங்காயம்.
கொழுப்பு உருகி ஓரம் பொரியும் சத்தத்தைப்
பழம் ஏற்றிய லோரிகள் நடுநடுவே மூடின.

பிறகு ஒரு துண்டு. ஒரு மடக்கு.
நாக்கில் கொழுப்பு பாய் விரிக்கத்
துவர்ப்பு வந்து அதைச் சுருட்டிக்கொண்டு போனது.
அடுத்த துண்டுக்கு வாய் மறுபடி புதுசு.
வெற்றிலைபாக்கு பந்தி முடிந்தபின் செய்வதை
இது பந்தி நடுவிலேயே செய்கிறது.

"எப்படி இருக்கு?"
எதிரே சார்சியோடு உட்கார்ந்திருந்தார்.
மூக்கை என் கிளாஸ் பக்கம் கொண்டுவரவே இல்லை.

நாவற்பழம், என்றேன்.
"அப்புறம்?"
மழையில் நனைந்த பலகை.
"அப்புறம்?"
பூசை முடிந்து எல்லாரும் போனபின் மாதாகோயில்.
கொஞ்சம் தோல்செருப்பு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு எடுத்து
மெதுவாய் மென்றார்,
நான் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல்.

பாதி மிஞ்சியது.
கார்க் உள்ளே போகமாட்டேன் என்றது,
பிளாஸ்டிக்கைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டேன்.
அவர் கை கழுவப் போனபோது
லேபிள் ஓரத்தில் பேனாவால் ஒரு சின்னக் கோடு.
லேப்காரி புத்தி.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
விளக்குப் போடாமல்
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
கோட்டிலேயே நின்றது.

காலையில் கோப்பி ஆற்றிக்கொண்டே கேட்டார்,
என் முகத்தைப் பார்க்காமல்:
"அளவு சரியா இருந்துச்சா?"