மெய்ப்பு

ஹெப்சிபா கொண்டுவந்த துண்டறிக்கையில்
ஒரே பக்கத்துக்குள் மூன்று எழுத்துக்கூட்டல்:
தலைப்பில் எச்.ஐ.வி.
கீழே ஹெச்ஐவி
கடைசிப் பத்தியில் எச்ஐவி வைரஸ் கிருமி.
பெல்ஸ் ரோட்டு அச்சகம், கவுஸ் பாயின் முனகும் மின்விசிறி,
பத்தாயிரம் பிரதி, நாளை காலைக்குள்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

வி என்றாலே வைரஸ்.
வைரஸ் என்றாலே கிருமி.
கேட்டுக் கதவு, நடு சென்டர் மாதிரி
இதை மட்டும் மூன்று முறை சொல்கிறோம்,
ஒருமுறை சொல்லவே வாய் வராதவர்கள்.

கணினியில் வைர என்று தட்டினால்
முந்திக்கொண்டு வைரம் என்கிறது.
வைரம் கல். வைரம் முற்றிய மரத்தின் நடு.
ஆறாத பகைக்கும் அதே பெயர்.
வைரஸோ லத்தீன். அங்கே அதற்கு நஞ்சு என்று பொருள்,
கொழகொழத்த சாறு என்றும்.
அகராதியில் அடுத்தடுத்த வீடு,
பேச்சுவார்த்தை கிடையாது.

எச்சா, ஹெச்சா?
"உங்க இஷ்டம் மேடம்" என்றாள் ஹெப்சிபா.
ரேஷன் அட்டையில் அவள் எப்சிபா.
அந்த எழுத்தை விரித்தால் மனித என்று வரும்.
ஐயை விரித்தால் உடம்பின் காவல் குறைந்த கதை.

இதற்கு முன் வேறு பெயர்கள் இருந்தன.
முதலில் கண்டது யார் என்று
கடலுக்கு இருபுறமும் வழக்கு.
எண்பத்தாறில் ஒரு குழு உட்கார்ந்து
எல்லாவற்றையும் அடித்துவிட்டு இதை எழுதியது.
அதே வருடம்தான்
இந்த ஊர் ரத்தத்திலும் அதை முதன்முதலாகப் படித்தார்கள்.
ஊருக்கே அப்போது வேறு எழுத்துக்கூட்டல்:
மெட்ராஸ்.

"ரெட்ரோ வைரஸ்னு போட்டிருக்கே,
ரெட்ரோன்னா பழைய பாட்டுதானே?" என்றார் கவுஸ் பாய்.
பின்னோக்கி, என்றேன்.
மூலத்தைப் பார்த்து நகல் எடுப்பது உலக வழக்கம்.
இது நகலை வைத்துக்கொண்டு மூலம் எழுதும்.
எழுதியதை நம் புத்தகத்துக்குள்
பக்கத்தோடு பக்கமாகத் தைத்துவிடும்.
அவருக்குப் பிடிபடவில்லை.
வாராவதியைச் சொன்னேன்.

ஹாமில்டன் என்ற துரையின் பெயரில் ஒரு பாலம்.
நம் வாயில் ஹ உதிர்ந்து, ல் வழுக்கி
அம்பட்டன் வாராவதி ஆனது.
பிறகு எந்தக் குமாஸ்தாவோ
அதைத் திருப்பி இங்கிலீஷாக்கி
பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதிவைத்தான்.
அப்படித்தான் சொல்கிறார்கள்.
இல்லாத நாவிதர் பெயரில்
கால்வாய்க்கு மேல் நிஜமான பாலம்.

கவுஸ் பாய் சிரித்தார்.
"அப்போ ஹாமில்டன் எங்க போனான்?"
அவனைத்தான் இன்னும் யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை பாய்.

ஹெப்சிபா சிரிக்கவில்லை.
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

மேசைக்குக் கீழே என் கைப்பை.
உள்ளே மாத்திரைப் புட்டி,
ரயிலில் குலுங்கிச் சத்தம் போடாமலிருக்கப்
பஞ்சு அடைத்தது.
பதினோரு வருடம்.
மாதத்தில் ஒரு செவ்வாய் பல்வலி என்று லீவு கேட்டு
சானடோரியத்தில் இறங்குவேன்.
ஒரு ஸ்டேஷனுக்கே ஆஸ்பத்திரியின் பெயர்.
டிக்கெட் கேட்கும் யாரும் அதற்காகக்
குரலைத் தாழ்த்துவதில்லை.
அங்கே நான் ஓர் எண்.
அந்த எண் ஹெப்சிபாவுக்கு மனப்பாடம்.
இங்கே வந்தால் என்னை முன்பின் தெரியாது அவளுக்கு.
நல்ல பெண்.

கிருமியை அடித்தேன். வைரஸை அடித்தேன்.
பீடிக்கப்பட்டவர்கள் என்றிருந்ததை
உள்ளவர்கள் என்று மாற்றினேன்.
எல்லா இடத்திலும் ஹெச் போட்டேன்.
தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்கட்டும்:
ஹ எழுத்தல்ல, மூச்சு.
மனித என்ற சொல் நிற்கிற இடத்தில்
மூச்சை விட்டுவிட மனம் வரவில்லை.

தாளை வாங்கி ஹெப்சிபா கையெழுத்திட்டாள்.
"தேங்க்ஸ் மேடம்."
ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

பேனாவை மூடும்போது கவுஸ் பாய்
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:
"நாளைக்குச் செவ்வாய்.
பல் டாக்டரைப் பார்த்துட்டு மெதுவா வாங்க."

நான் இன்னும் கேட்கவே இல்லை.